பன்னிரண்டு பெயர்களும் பட்டியலில் வராத பிள்ளைகளும்

கூடைப்பந்தாட்ட அணியொன்றின் பட்டியலில் பன்னிரண்டு பெயர்களுக்குத்தான் இடம். களத்தில் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். தெரிவுக்கு நாற்பது பிள்ளைகள் வந்தால் இருபத்தெட்டுப் பேர் வீட்டுக்குத் திரும்பத்தான் வேண்டும். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. எந்த இருபத்தெட்டுப் பேர், எதை வைத்து என்ற இடத்தில்தான் அநியாயம் நுழைகிறது.

பாடசாலை விளையாட்டுச் செய்திகளை எழுதுகிறவன் என்பதால் கல்முனைப் பக்கத்தில் நடக்கும் பலவகைத் தெரிவுகளை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முடிந்ததும் பெற்றோர் வந்து கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன சேர், செல்வாக்குத்தானே?" செல்வாக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செல்வாக்கே நுழையாத, நேர்மையான ஆசிரியர்கள் நடத்தும் தெரிவிலும் திறமையான பிள்ளைகள் தவறவிடப்படுகிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பது பலருக்கு விளங்குவதில்லை. அதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 'ஷோகேஸ்' என்று ஒன்று நடக்கும். பல பாடசாலைகளில் இருந்து மாணவர்களைத் தெரிந்தெடுத்து ஓரிடத்தில் விளையாட விடுவார்கள். பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் சுற்றியிருந்து குறிப்பெடுப்பார்கள். பிடித்துப்போன பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கிடைக்கும். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிறு கிராமத்தில் பிறந்த சத்னம் சிங் இப்படி ஒரு வழியில்தான் லுதியானா பயிற்சி நிலையத்துக்கும், பின்னர் 2010 இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் புளோரிடாவுக்கும் போனார். 2015 இல் டலஸ் மவரிக்ஸ் அணி அவரை 52ஆவது தெரிவாக எடுத்தது. என்.பி.ஏ. தெரிவில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான்.

எங்களுக்கு அப்படி ஒரு மேடை இல்லை. எங்களிடம் இருப்பது ஏணி. பாடசாலையில் இருந்து வலயம், வலயத்தில் இருந்து மாகாணம், மாகாணத்தில் இருந்து அகில இலங்கை. ஆனாலும் ஏணியின் உச்சியில் ஒரு பரிசு இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டை வைத்திருப்பவர்கள் விசேட அனுமதிகள் என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள். விளையாட்டு உட்பட்ட புறக்கிருத்தியங்களில் மிகச் சிறந்த அடைவுகளைக் காட்டியவர்களுக்கென்று ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு. உயர்தரத்தில் ஆகக் குறைந்த தகைமை இருக்க வேண்டும், வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு அது ஒரு கதவு. அந்தக் கதவைத் தட்டுவதற்குக் கையில் இருக்க வேண்டியது சான்றிதழ். வலயத் தெரிவில் விடுபட்ட பிள்ளைக்கு அந்தச் சான்றிதழின் முதலாவது தாளே கிடைக்காது. அதனால்தான் ஒரு பின்னேரத்தில் எழுதப்படும் பன்னிரண்டு பெயர்களை நான் சின்ன விடயமாகப் பார்ப்பதில்லை.

பாடசாலை முடிந்த பின் என்ன என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இலங்கைக் கூடைப்பந்தாட்டத்தில் வலுவான கழக அணிகளில் இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகள் முன்னுக்கு நிற்கின்றன. சம்பளத்தோடு பயிற்சி அங்கேதான் கிடைக்கும். இந்தக் கரையில், காணாமலாக்கப்பட்ட ஒருவரின் படம் சுவரில் தொங்கும் வீட்டில் இருந்து ஒரு பிள்ளை அந்தச் சீருடை அணிக்குப் போவது இலேசான முடிவல்ல. ஒரு பிள்ளை ஏன் பதினெட்டு வயதோடு பந்தைக் கீழே வைக்கிறான் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

கிழக்கில் இந்த விளையாட்டின் தாய்வீடு மட்டக்களப்பு. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தில் இருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் இதை வேரூன்றச் செய்தார்கள். அவர்களுள் ஒருவர் அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபயர். லூசியானாவில் 1923 இல் பிறந்தவர், 1948 இல் இலங்கைக்கு வந்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு மிக்கேலிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட அவரும் உடன் வந்த பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞனும் வழியில் காணாமல் போனார்கள். இன்றுவரை தடயம் இல்லை. அந்த மாதத்தின் முதல் இரண்டு கிழமைகளில்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் தமிழ்க் கிராமங்களில் இருந்து இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கொண்டிருந்தார்கள். இன்னொரு துறவியான அருட்தந்தை ஹரல்ட் வெபரின் பெயர் மட்டக்களப்பு மைதானத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. ஹேபயரின் பெயரைக் கேட்டால் பழைய மாணவர்கள் முதலில் சொல்வது அவரது மரணத்தைப் பற்றி அல்ல, அவர் அதிகாலையில் நடத்திய பயிற்சிகளைப் பற்றி.

இந்த வரலாறு மட்டக்களப்பில் இருந்து தெற்கே நாற்பது கிலோமீற்றர் தூரம் நகர்ந்து கல்முனைக்கு வந்து சேரவில்லை. இங்கே உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும்தான் ராஜா. சந்தாங்கேணி மைதானத்தில் ஓர் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி என்றால் சாய்ந்தமருதும் மருதமுனையும் பாதி வெறிச்சோடிப் போய்விடும். கூடைப்பந்துக்குத் திடல் இல்லை, காணி இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலை நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுத் திடல் 28 மீற்றருக்கு 15 மீற்றர். அதாவது 420 சதுர மீற்றர், எங்கள் கணக்கில் ஏறக்குறைய 17 பேர்ச்சஸ். சுற்றிவர இரண்டு மீற்றர் விட்டாலும் 24 பேர்ச்சஸ். மூவர் விளையாடும் வகைக்கு 15 மீற்றருக்கு 11 மீற்றர் போதும். அது ஏழு பேர்ச்சஸுக்கும் குறைவு. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் மூச்சுமுட்ட வீடுகள் என்று இருக்கும் எங்கள் கரையோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறில்லை என்பதே என் அபிப்பிராயம். காணி பிரச்சினையில்லை. ஒரு சீமெந்துத் தளமும், 3.05 மீற்றர் உயரத்தில் ஆடாமல் நிற்கும் இரண்டு வளையங்களும்தான் பிரச்சினை.

வளையம் இல்லாத பாடசாலையில் இருந்து வரும் பிள்ளை தெரிவில் முதலாவது நிமிடத்திலேயே விழுந்துவிடும். பந்தை எறிந்தால் உள்ளே போகாது. வளையம் உள்ள பாடசாலைப் பிள்ளை பத்துக்கு ஆறு போடும். ஓரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான். ஆனால் எறிதல் என்பது பழக்கத்தில் வருவது, ஆறு மாதத்தில் திருத்தலாம். எதிராளியைத் தன் முன்னாலேயே நிறுத்தி வைக்கும் கால்வேகம், பந்து எங்கே விழப்போகிறது என்று ஒரு கணம் முந்தி உணரும் கண், பந்தைப் பறிகொடுத்த பின் தலையில் கைவைத்து நிற்காமல் திரும்பி ஓடும் குணம், இவை பழக்கிக் கொடுக்கக் கடினமானவை. வலைப்பந்திலும் உதைபந்திலும் வளர்ந்த பிள்ளைகளிடம் இவை ஏற்கனவே இருக்கும். தெரிவாளர் எதைத் தேடுகிறார் என்பதைப் பொறுத்து அதே பிள்ளை சிறந்தவராகவும் தெரியலாம், ஒன்றும் தெரியாதவராகவும் தெரியலாம்.

உயரத்துக்கு வருவோம். கூடைப்பந்தாட்டத்தில் உயரம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்தில் 2009 இலும் 2018 இலும் இலங்கை ஆசியச் சம்பியன் ஆனதற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். ஆனால் பதினான்கு வயதில் எடுக்கும் உயரம் பதினெட்டு வயதின் உயரம் அல்ல. ஆண்பிள்ளைகள் சராசரியாகப் பதினான்கு வயதிலும் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலும் மிக வேகமாக வளர்கிறார்கள். சராசரி என்பதால் ஒருவருக்கு இது இரண்டு வருடம் முந்தியும் வரலாம், இரண்டு வருடம் பிந்தியும் வரலாம். முந்தி வளர்ந்தவன் தெரிவில் பெரிய ஆளாக நிற்பான். பிந்தி வளர்பவன் அவனுடைய தோளுக்குக் கீழே நிற்பான். நான்கு வருடம் கழித்து இருவரும் ஒரே உயரமாக இருக்கக் கூடும், சிலநேரம் பிந்தியவன் தாண்டியும் போயிருப்பான்.

மைக்கல் ஜோர்டனைப் பாடசாலை அணியில் இருந்து கழித்துவிட்டார்கள் என்ற கதையை எல்லாப் பயிற்சி முகாமிலும் சொல்வார்கள். நடந்தது அவ்வளவு பெரிய கொடுமை இல்லை. 1978 இல் வட கரோலைனாவின் லேனி உயர்பாடசாலையில் பதினைந்து வயது ஜோர்டன் முதலாவது அணிக்கு எடுபடவில்லை, இரண்டாவது அணியில் விளையாட விடப்பட்டார். அப்போது அவர் 178 சென்ரிமீற்றர் அளவில் இருந்தார். அவரது வகுப்பில் இருந்து முதலாவது அணிக்கு எடுக்கப்பட்ட லீரோய் சிமித் இரண்டு மீற்றர். அந்த அணிக்கு அந்த வருடம் தேவைப்பட்டது உயரம், ஆகவே பயிற்றுவிப்பாளர் செய்தது பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. எங்களுக்கு முக்கியமானது மற்றப் பாதி. அங்கே இரண்டாவது அணி என்று ஒன்று இருந்தது. வளர்வதற்கு அவகாசம் கொடுத்து, விளையாட வைத்துக்கொண்டே காத்திருக்க ஓர் இடம் இருந்தது. எங்கள் வலயத் தெரிவில் பதின்மூன்றாவது பிள்ளைக்கு என்ன இருக்கிறது? பஸ் காசு கூட இல்லை.

ஒரு பிள்ளை எவ்வளவு வளரக் கூடும் என்று அண்ணளவாகச் சொல்ல வைத்தியர்கள் பாவிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண்பிள்ளை என்றால் தாயின் உயரத்தோடு 13 சென்ரிமீற்றர் கூட்டி, தகப்பனின் உயரத்தோடு சேர்த்து இரண்டால் பிரிக்க வேண்டும். பெண்பிள்ளை என்றால் தகப்பனின் உயரத்தில் 13 ஐக் கழித்து, தாயின் உயரத்தோடு சேர்த்து இரண்டால் பிரிக்க வேண்டும். வாப்பா 172, உம்மா 158 என்றால் மகன் 171 அல்லது 172, மகள் 158 அல்லது 159 அளவில் வரக் கூடும். எட்டு, ஒன்பது சென்ரிமீற்றர் கூடிக் குறையலாம். இதைவிட நல்லது, உடற்கல்வி ஆசிரியர் ஒரு கொப்பியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எழுதி வைப்பது. செலவில்லாத வேலை. யார் வளர்ந்து முடித்தவர், யார் இப்போதுதான் தொடங்குகிறார் என்பதை அந்தக் கொப்பி சொல்லிவிடும்.

கைநீளமும் உயரத்தைப் போலவே பெறுமதியானது. நின்றபடி கையை உயர்த்தினால் எங்கே எட்டுகிறது என்று சுவரில் ஒரு சோக்குக் கோடு போட்டுப் பாருங்கள். உயரமானவர்களின் வரிசையும் எட்டுகிறவர்களின் வரிசையும் ஒன்றாக இருக்காது. கட்டையான பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு தகவல்: 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள மக்ஸி போக்ஸ் என்.பி.ஏ.யில் பதினான்கு பருவங்கள் விளையாடினார். பந்தைக் கொண்டுபோகும் இடத்துக்கு உயரத்தைவிடத் தலை வேண்டும்.

பிறந்த மாதமும் ஒரு விடயம். கனடாவின் இளையோர் ஐஸ் ஹொக்கி அணிகளை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர், வீரர்களில் பெரும்பகுதியினர் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களாக இருப்பதை 1985 இல் எழுதினார். காரணம் நட்சத்திரம் அல்ல. வயதுப் பிரிவைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள், இடையில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. பதினைந்து வயதில் ஒரு வருடம் என்பது பெரிய விடயம். மூத்தவன் தெரிவாகிறான், தெரிவானதால் பயிற்சி பெறுகிறான், பயிற்சி பெற்றதால் அடுத்த வருடமும் தெரிவாகிறான். பெயர்ப் பட்டியலில் பிறந்த திகதிக்கு ஒரு நிரல் போட்டு, ஒக்டோபருக்குப் பின் பிறந்தவர்களை இன்னொரு தடவை பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இனி பெண்பிள்ளைகள். எங்கள் கரையில் ஆகப் பெரிய இழப்பு இங்கேதான். பர்தா அணிந்த பிள்ளை கூடைப்பந்து விளையாட முடியாது என்று இன்னமும் சில ஆசிரியர்களே நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2014 இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் தலையை மூடிய துணியை அகற்றச் சொன்னதால் கட்டார் பெண்கள் அணி விளையாடாமல் விலகியது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலப் பாடசாலைப் போட்டிகளில் 3,070 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்த பில்கீஸ் அப்துல் காதிர், ஹிஜாபோடு பல்கலைக்கழக முதற்தர அணிகளில் விளையாடினார். ஆனால் ஐரோப்பாவில் தொழில்முறையாக விளையாடப் போக இருந்த வேளையில் அதே விதி அவரை மறித்தது. அவரும் இன்னும் பலரும் குரல் கொடுத்த பின் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017 மே மாதத்தில் விதியை மாற்றியது. அந்த வருடம் ஒக்டோபர் 1 முதல் தலையை மூடும் பொருத்தமான துணிக்கு உலக மட்டத்தில் அனுமதி உண்டு. நீளக் கை, நீளக் கால்சட்டை போன்றவையும் அணிக்குரிய நிறத்தில் இருந்தால் பிரச்சினையில்லை. யாராவது ஒருவர் திடலில் வைத்து உங்கள் மகளிடம் "கழற்றிவிட்டு வா" என்று சொன்னால், அது இப்போது விளையாட்டின் சட்டம் அல்ல, அவரது சொந்தச் சட்டம்.

விதி மாறினாலும் வீடு மாற நேரம் எடுக்கும். உம்மாமார் என்னிடம் கேட்பது தலைத்துணியைப் பற்றி அல்ல. யார் கூட்டிப் போவது, மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவாளா, பெண் ஆசிரியை ஒருவர் நிற்பாரா, படத்தை முகநூலில் போடுவார்களா என்பவைதான் அவர்களது கேள்விகள். பக்கத்துத் தமிழ்க் கிராமத்து அம்மாமாரும் வார்த்தை மாறாமல் இதையேதான் கேட்கிறார்கள், மஃரிப் என்பதற்குப் பதிலாக இருட்டுப்பட முன் என்பார்கள், அவ்வளவுதான். நான்கு கேள்விக்கும் முதல் நாளே எழுத்தில் பதில் கொடுத்தால் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். இதற்குக் காசு தேவையில்லை.

நாளும் நேரமும் யாரையாவது கழித்துவிடும். நோன்பு மாதத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு ஓட்டத் தேர்வு வைத்தால் அளக்கப்படுவது வேகம் அல்ல, தாகம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்தால் ஜும்ஆவுக்குப் போகும் பிள்ளை அரைவாசியில் வந்து சேரும். வைகாசியில் காரைதீவில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கிழமையில் வைத்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்கள். நாட்காட்டியைப் பார்த்துத் திகதி போடுவதற்கு இரு சமூகத்திலும் இருந்து ஒவ்வோர் ஆசிரியர் ஒன்றாக உட்கார வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கல்முனை வலயத்துக்குள் கல்வி நிர்வாகமே தமிழ்க் கோட்டம், முஸ்லிம் கோட்டம் என்று பிரிந்து கிடக்கிறது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரே வீதியில் ஊர்கள் மாறிமாறி வருகின்றன, பாடசாலைகளும் அப்படியே. ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பிள்ளைகள் பதின்மூன்று வருடம் படித்தும் ஒரே வகுப்பில் உட்காராமல் வெளியேறலாம். அவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டு ஒரே பக்கம் நிற்பதற்குக் கிடைக்கும் முதலாவது வாய்ப்பு வலய அணியாக இருக்கலாம். அதனாலேயே அந்தப் பட்டியலை ஊர்கள் வேறுவிதமாக வாசிக்கின்றன. எத்தனை பேர் அவர்களுடையவர், எத்தனை பேர் எங்களுடையவர் என்று எண்ணுவார்கள். தெரிவாளரும் இது தெரிந்து ஆறுக்கு ஆறு என்று பங்கு வைத்துவிடுவதை வேறு விளையாட்டுகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பங்குக்கு வந்தவன் என்ற பட்டம் நல்ல விளையாட்டுக்காரனுக்கும் ஒட்டிக்கொள்ளும். பங்கு வைப்பதற்குப் பதிலாக, தெரிவின் ஒவ்வொரு படியையும் எல்லோரும் பார்க்கும்படி செய்யலாம்.

அது பெரிய வித்தையில்லை. பிள்ளைகளின் முதுகில் பெயருக்கும் பாடசாலைக்கும் பதிலாக இலக்கம் மட்டும் இருக்கட்டும். பாடசாலைச் சட்டையோடு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகப் புள்ளியிட்டு, முடியும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் இருக்கட்டும். ஒருவர் மட்டக்களப்பில் இருந்தோ வேறு வலயத்தில் இருந்தோ வரும் வெளி ஆளாக இருந்தால் நல்லது. அளவுகள், ஓட்டம், எறிதல் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க விளையாட விடுங்கள், அணிகளைக் கலந்து கலந்து. நண்பர்களோடு நிற்கும்போது கெட்டிக்காரனாகத் தெரிபவன், முகம் தெரியாத நான்கு பேரோடு நிற்கும்போது பந்தைக் கொடுக்கிறானா இல்லையா என்று பாருங்கள். மூவர் ஆட்டம் இதற்கு மிக நல்லது. பத்து நிமிடம், பன்னிரண்டு விநாடிக்குள் எறிய வேண்டும், ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முதல் நாள் பயந்து நின்ற பிள்ளை இரண்டாம் நாள் வேறு ஆளாக வருவதை நான் பலதடவை கண்டிருக்கிறேன். கரையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு விளையாடுகிறதா, களத்தைப் பார்க்கிறதா என்பதற்கும் ஒரு புள்ளி போடலாம்.

பட்டியல் எழுதிய பிறகு பதின்மூன்றில் இருந்து இருபது வரை இரண்டாவது பட்டியல் ஒன்றும் எழுதப்பட வேண்டும். அந்தப் பிள்ளைகள் பயிற்சிக்கு வரலாம், வளர்ந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் பார்க்கப்படுவார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடுபட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரியில் காரணம் கிடைக்க வேண்டும். "இடது கையால் பந்து தட்டப் பழகு" என்பது காரணம். "அடுத்த முறை பார்ப்போம்" என்பது காரணம் அல்ல.

பெற்றோர் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தெரிவுத் திகதி எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டதா, யார் யார் புள்ளியிட்டார்கள், என் பிள்ளையின் தாளைப் பார்க்கலாமா, பங்குபற்றியதற்கான கடிதமும் சான்றிதழும் எப்போது கிடைக்கும் என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ்களை லெமினேட் பண்ணாதீர்கள். உறுதிப்படுத்தும் முத்திரை பின்பக்கத்தில் வைக்க வேண்டி வந்தால் திண்டாடிப் போவீர்கள். மூலப்பிரதியை உறையில் வைத்து, பிரதிகளை வேறிடத்தில் வையுங்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோன அலுமாரிகளில் எத்தனை பிள்ளைகளின் தாள்கள் இருந்தன என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும்.